பாட்டில் தனி, மூடி தனி

தராசு அக்கா ஐம்பத்து மூன்று வயதில் முதன்முறையாக ஒரு சாமானைச் சும்மா கொடுத்தாள். செய்தி கடைத்தெருவில் பரவியதும், எதிர்க்கடைத் தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு, "உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று நேரிலேயே வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

உடம்புக்கு ஒன்றுமில்லை. கொடுத்தது காலி பாட்டில். வாங்கிக்கொண்டது கட்டின புருஷன். புருஷனே ஆனாலும் சும்மா கொடுப்பதென்பது அவள் பரம்பரையில் நடந்த காரியமில்லை. பழைய சாமான் கடை அவளுக்கு அப்பாவழி வந்தது. சாமான் உள்ளே வரும்போது 'குப்பை' என்று முகம் சுளிப்பதும், வெளியே போகும்போது அதையே 'சரக்கு' என்று துடைத்து வைப்பதும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் தாய்ப்பாலோடு வந்த பாடம். தராசு முள் நடுவில் நிற்கும்வரை அவள் இமைக்கமாட்டாள். பேர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

புருஷனுக்கும் ஒரு பேர் உண்டு. மீட்டர். மின்சார ஆபீசில் முப்பத்தொரு வருஷம் வீடு வீடாக ஏறி மீட்டர் பார்த்து எழுதியவர். அவர் தெருவில் நுழைந்தால் பட்டப்பகலிலும் விளக்கணையும், மின்விசிறி நிற்கும், இஸ்திரிப்பெட்டி ஓடிப்போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொள்ளும். நாய்களுக்கு மட்டும் அவரிடம் மறைக்க ஒன்றுமில்லை. நேராக வந்து கடித்தன.

ஓய்வு பெற்ற மறுநாள் காலை, தேநீர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அவர் சொன்னார்: "முப்பத்தொரு வருஷம் ஊரார் வீட்டு மீட்டரைப் பாத்தாச்சு. மீட்டரே இல்லாத ஒரு வீட்ல படுத்து எழுந்திருக்கணும்."

"அதுக்கு நீங்க மாடாப் பொறந்திருக்கணும்" என்றாள் தராசு அக்கா. "கொட்டாய்க்குத்தான் மீட்டர் கிடையாது."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊருக்கு வெளியே, கல்லுடைத்த பள்ளத்துக்கு மேற்பக்கம், எப்போதோ மலிவாக வாங்கிப்போட்ட துண்டு நிலம் ஒன்று இருந்தது. அங்கே வெயிலில் கரண்ட், மழையில் தண்ணீர், பழைய சாமானில் சுவர் என்று ஒரு வீடு. தாடி வைத்த ஓர் இளைஞன் இப்படிப்பட்ட வீடுகளுக்குப் படம் போட்டுக் கொடுக்கிறானாம். சனி, ஞாயிறுகளில் ஆட்கள் வந்து கூலி வாங்காமல் வேலை செய்து பழகிக்கொள்கிறார்களாம்.

"கூலி வாங்காமலா?" தராசு அக்கா கையிலிருந்த எடைக்கல்லைக் கீழே வைத்தாள். "சும்மா வேலை செய்யறவன்கிட்ட ஜாக்கிரதையா இருக்கணும்ங்க. அவன் கூலியை வேற எங்கயோ எடுத்துக்கறான்."

கேலி பேசிக் காலம் தள்ளியிருப்பாள். ஆனால் கடைக்கு மேலே அவர்கள் குடியிருந்த இரண்டு அறையும் வாடகைக்கு இருந்தவை. கட்டடத்துக்காரர் விற்றுவிட்டார். வாங்கியவர் மழைக்கு முன்னால் இடிக்கப்போகிறார். கடைக்கு ரயில் கிட்டங்கி ஓரத்தில் ஒரு ஷெட் கிடைத்துவிட்டது. குடித்தனத்துக்குத்தான் வழி தெரியவில்லை. அவளுடைய தம்பி, மூன்றாவது மாடியில் பளிங்குத் தரையோடு இருக்கிறவன், பின்னறையை ஒழித்து வைத்து, "வந்துடு அக்கா, மாமாவையும் கூட்டிக்கிட்டு வா" என்று சாவியையே கையில் கொடுத்துவிட்டுப் போனான். அந்தச் சாவியை அவள் கல்லாப்பெட்டியில் போட்டு வைத்தாள். வேண்டாமென்றும் சொல்லவில்லை, வருகிறேனென்றும் சொல்லவில்லை. விலை படியாத சாமானை அப்படித்தான் வைப்பது.

கடைசியில் புருஷனிடம் ஒரு பேரம் பேசினாள்.

"கட்டுங்க. கட்டிட்டுச் சொல்லுங்க. ஒரு நாள் மத்தியானம் வந்து பாயைப் போட்டுப் படுப்பேன். தூக்கம் வந்தா குடிவர்றேன். வரலைன்னா தம்பி வீடு. அப்புறம் நீங்களும் மறுபேச்சு பேசக்கூடாது, நானும் பேசமாட்டேன்."

"மாதிரி பாத்துட்டுத்தான் வாங்குவே?"

"கத்தரிக்காயே அமுக்கிப் பாத்துத்தான் வாங்கறேன். வீட்டை அமுக்கிப் பாக்க வேண்டாமா?"

"சரி முதலாளியம்மா" என்றார் மீட்டர். "அப்ப உன் கடையிலேருந்து பாட்டில் வேணும். ஆயிரத்துக்கு மேல."

அவள் யோசித்தாள். ஒரு பகல் முழுக்க யோசித்தாள். பிறகு கொடுத்தாள், சும்மா.

ஆனால் பாட்டில் தனி, மூடி தனி என்பது அந்தக் கடையின் வேதம். பாட்டில் கண்ணாடிக்காரருக்குப் போகும், மூடி அலுமினியக்காரருக்குப் போகும். பாட்டிலை மூடியோடு விடுகிறவன் சட்டையைப் பித்தானோடு அடுப்பில் போடுகிறவன் என்பாள். மனசு எவ்வளவு தாராளமாக விரிந்தாலும் கை பழக்கத்தை விடுமா? உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திருகிக் கழற்றினாள். மூன்று கோணி மூடி சேர்ந்தது. அலுமினியக்காரரிடம் போனது. பதிலுக்கு ஒரு சாமான் வந்தது. அது கடையின் பின்மூலையில் கோணி போர்த்திப் படுத்துக்கொண்டது. அதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

"மூடி எங்கே?" என்று மீட்டர் கேட்டபோது, "இந்த வகை பாட்டில் மூடி இல்லாமத்தான் வரும்" என்றாள், முள் நடுவில் நிற்கிற முகத்தோடு.

*

வேலை நடக்கும் இடத்துக்கு அவள் சாப்பாடு கொண்டுபோகும் சாக்கில் போவாள். முதல்முறை போனபோது, பழைய லாரி டயர்களை அடுக்கி அவற்றின் வயிற்றில் மண்ணைப் போட்டுச் சம்மட்டியால் இடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு டயர் இடித்து முடிக்க இரண்டு ஆளுக்கு அரை மணி நேரம். இடிக்கிறவர்களைப் பார்த்தாள். ஒருத்தர் கம்ப்யூட்டர் வேலைக்காரர். இன்னொருத்தி அவளுடைய கடைத்தெருவிலேயே மாடியில் ஆஸ்பத்திரி வைத்திருக்கும் பல் டாக்டர்.

"ஏம்மா, நீங்க போய் இங்க மண்ணு இடிக்கலாமா?"

பல் டாக்டர் நெற்றி வியர்வையை முழங்கையால் துடைத்தாள். "அக்கா, என் தொழில்ல எதிர்ல இருக்கறவங்க வாயைத் திறந்துதான் வெச்சிருப்பாங்க. ஆனா ஒரு வார்த்தை பேசமாட்டாங்க. வாரம் பூரா நான் மட்டுமே பேசறேன். இங்க வந்தா நாலு பேர் பதில் சொல்றாங்க."

இந்தக் கூலியைத் தராசு அக்கா எதிர்பார்க்கவில்லை. மனசுக்குள் எடை போட்டுப் பார்த்தாள். நியாயமாகத்தான் இருந்தது.

கூலி வாங்கும் ஆள் ஒருத்தர்தான். கொத்தனார். எதையும் நம்பாமலேயே எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்கிறவர். "இருபத்தஞ்சு வருஷம் வீடு கட்டிட்டு மிச்சத்தைக் குப்பைல போட்டேன். இப்ப குப்பையைக் கட்டிட்டு வீட்டை எங்க போடறதுன்னு தெரியலை" என்பார். ஆனால் தூக்குக்குண்டு போடாமல் ஒரு டயரைக்கூட அடுத்ததன் மேல் ஏற்றவிடமாட்டார்.

டயர்ச் சுவர் மூன்று பக்கம் எழும்பியது. இடித்த பள்ளிக்கூடத்துக் கதவுகள் நிலைக்கு வந்தன. ஒன்றில் 'சத்தம் போடாதே' என்று சுண்ணாம்பில் எழுதியிருந்தது அழியவே இல்லை. கூரைக்குப் பழைய தகடு, அதன்மேல் யாரோ மாற்றிப்போட்ட இரண்டாங்கை சோலார் பலகைகள் ஆறு. மழைத் தண்ணீர் இறங்கிச் சேர, எண்ணெய் ஆலையில் கழித்த பெரிய தொட்டி, உள்பக்கம் அளவு பார்க்க ரிங்கு ரிங்காக வளையம் போட்டது. நாலாவது சுவர், மேற்கே பள்ளத்தைப் பார்த்தது, பாட்டில் சுவர்.

அதற்கு மண் மிதித்த நாள் திருவிழாக் கூட்டம் போல் ஆகிவிட்டது. களிமண்ணும் மணலும் வைக்கோல் துண்டும் கொட்டித் தண்ணீர் ஊற்றி, எல்லோரும் உடையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினார்கள். தாடி கரையில் நின்று, "குதிகாலால மிதிங்க, விரலால இல்லை" என்று ஆட்டம் சொல்லிக்கொடுத்தான். மீட்டர் இரண்டு முறை வழுக்கி விழுந்தார். தராசு அக்கா வேகவைத்த கிழங்கையும் உப்பு மிளகாயையும் பரப்பி வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு அவளும் இறங்கினாள். மண் குளிர்ச்சியாக விரலிடுக்கில் பிதுங்கியது. ஐம்பத்து மூன்று வயதுக்காரி ஒருத்திக்கு அது கொஞ்சம் வெட்கமாகவும் ரொம்பச் சுகமாகவும் இருந்தது.

பாட்டில்களைப் படுக்கவைத்து அடுக்கினார்கள். அடிப்பாகம் வீட்டுக்குள், வாய் வெளியே. சாயங்கால வெயில் அந்தப் பக்கம் விழுந்தால் உள்ளே பச்சையும் பழுப்புமாக ஆயிரம் வட்டம் எரியும் என்றான் தாடி.

"அதெல்லாம் சரி, வாயை என்ன பண்றது?" என்றார் கொத்தனார். "படத்துல மூடின்னு போட்டிருக்கு. இங்க ஒண்ணுலயும் மூடி இல்லை."

"இந்த வகை மூடியில்லாமத்தான் வருமாம்" என்றார் மீட்டர், மனைவி சொன்னதை அப்படியே நம்பி.

கொத்தனார் தராசு அக்காவைப் பார்த்தார். அவள் கிழங்குத் தோலை உரிப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"சரி, களிமண்ணை உருட்டி அடைச்சிருவோம்" என்றான் தாடி.

ஆயிரத்து நூற்று நாற்பது வாய். ஆயிரத்து நூற்று நாற்பது மண் உருண்டை. ஒன்றைக்கூட விடாமல் அடைத்தார்கள்.

*

சோதனைக்குக் குறித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மூன்று வாரமாகக் காய்ச்சி எடுத்த வெயில் அன்றைக்குக் கொஞ்சம் மங்கி, மேற்கே ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது. தராசு அக்கா பாயும் தலையணையும் வீட்டிலிருந்தே கொண்டுவந்தாள். வந்தவள் சுவரைத் தட்டினாள், கதவை மூடித் திறந்தாள், தரையில் கையை வைத்து ஈரம் பார்த்தாள். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. வெளியே கொதித்தது. உள்ளே பானைக்குள் இருப்பதுபோல் குளுகுளுவென்று இருந்தது. பாட்டில் வட்டங்கள் அவள் புடவையெல்லாம் பச்சையாகச் சிந்தின.

"எல்லாரும் வெளிய போங்க. நான் தூங்கணும்."

போனார்கள். வாசலில் மீட்டர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு காவல் நின்றார். சம்மட்டிகள் தரையில் படுத்தன. கொத்தனார் இருமல் வந்து பள்ளம்வரை ஓடிப்போய் இருமிவிட்டு வந்தார். பிரசவ ஆஸ்பத்திரி வராண்டா மாதிரி எல்லோரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

உள்ளே தராசு அக்காவுக்குக் கண் செருகியது. நாற்பது வருஷமாகக் கடைத்தெரு இரைச்சலுக்கு மேலே படுத்தவள். இந்த அமைதி அவளை மெத்தைபோல் வாங்கிக்கொண்டது. 'சரி, படிஞ்சது' என்று மனசு சொல்லிக்கொண்டிருக்கும்போதே காற்று திரும்பியது.

முதலில் எங்கேயோ ஒரு பசு கூப்பிட்டதுபோல் இருந்தது. பிறகு நாலு பசு. அப்புறம் சந்தைக்கு ஓட்டிவந்த மந்தை மொத்தமும் ஒரே குரலில். ஊஊஊ என்று சுவர் எழுந்து நின்று அழுதது. மூன்று வார வெயிலில் காய்ந்து சுருங்கிய மண் உருண்டைகள், பால் பல் விழுவதுபோல் ஒவ்வொன்றாகப் பொலபொலவென்று வெளியே உதிர, திறந்த வாய்களுக்குக் குறுக்கே காற்று ஓட, பெரிய பாட்டில் தடித்த குரலிலும் சின்ன பாட்டில் கீச்சுக் குரலிலும் சேர்ந்துகொண்டன. பள்ளத்தோரத்து நாய்களெல்லாம் தலையைத் தூக்கிப் பதில் பாடின.

தராசு அக்கா பாயில் எழுந்து உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு மீட்டர் வந்தார். அவர் பின்னால் எல்லோரும்.

யார் பேசினாலும் கேட்டிருக்காது. காற்று ஓய்ந்ததும் தாடிதான் முதலில் வாயைத் திறந்தான். "என் தப்பு சார். மண்ணு சுருங்கும்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். மூடி இல்லைன்னதும் அன்னிக்கே வேலையை நிறுத்தியிருக்கணும்."

"நீ என்னப்பா பண்ணுவே" என்றார் கொத்தனார். "மூடியில்லாத பாட்டில் வந்தா மூடியில்லாமத்தானே கட்டணும்." சொல்லிவிட்டு அவர் தராசு அக்கா பக்கம் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை.

மீட்டர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு திட்டு, ஒரு கேலி, 'நான் அப்பவே சொன்னேன்' என்று ஒன்று, ஏதாவது வரும் என்று நின்றார். அவளோ பேச்சில்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். அந்த மௌனத்தை அவர் தீர்ப்பு என்று எடுத்துக்கொண்டார்.

"சரிம்மா" என்றார் மெதுவாக. "பேசின பேச்சு பேச்சுதான். உன் தம்பி வீட்டுக்கே போயிடலாம். பளிங்குத் தரை நல்லாத்தான் இருக்கும்." பிறகு தாடியிடம் திரும்பி, "நீங்க யாராவது இதை எடுத்துக்கங்கப்பா. சுவரைப் பிரிச்சுக் கட்டிட்டு வாரக் கடைசியில வந்து தங்குங்க. எனக்கு ஒண்ணும் தர வேண்டாம்" என்றார்.

'தர வேண்டாம்' என்ற சொல் தராசு அக்காவின் நெஞ்சில் தராசுத் தட்டு அறுந்து விழுந்ததுபோல் விழுந்தது. கேட்டது கிடைத்துவிட்டது. மறுபேச்சில்லாமல், பேரம்கூடப் பேசாமல் கிடைத்துவிட்டது. இவ்வளவு சுலபமாகக் கிடைக்கும் சாமானில் ஏதோ கோளாறு இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியாததா?

*

திங்கட்கிழமை கடையைக் காலிசெய்ய மூட்டை கட்ட உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடம், மீட்டர் வழக்கமாக வந்து உட்காரும் கோணி. உள்ளே அறுந்த ரப்பர் செருப்புகள். அப்படிப் பன்னிரண்டு கோணி கிடந்தன. ஜனங்கள் இரும்போடும் காகிதத்தோடும் கலந்து கொண்டுவந்து தள்ளுவார்கள். வாங்க ஆள் கிடையாது, எறிய இவளுக்கு மனசு கிடையாது. 'ஒத்தைச் செருப்புக்கு வாரிசு வருவான்னு வெச்சிருக்கா' என்று மீட்டர் கேலி செய்வார்.

கோணி வாயிலிருந்து ஒரு நீலச் செருப்பு நீட்டிக்கொண்டிருந்தது. அதை உள்ளே தள்ளக் கட்டைவிரலால் அழுத்தினாள். அமுங்கியது. விரலை எடுத்தாள். பழையபடி நிமிர்ந்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி நிமிர்ந்தது. அப்படியே கொஞ்ச நேரம் விளையாடிக்கொண்டிருந்தவள், சட்டென்று எழுந்து ஒரு குழாய்த் துண்டைத் தேடி எடுத்து அதன் விளிம்பை அரத்தால் ராவினாள். செருப்பின்மேல் அதை நிறுத்திச் சுத்தியலால் ஓங்கி ஒரு போடு. வட்டமாக ஒரு வில்லை விழுந்தது. மிச்சமிருந்த பாட்டில் ஒன்றின் வாயில் வைத்துத் தட்டினாள். பிதுங்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. திருகி இழுத்தாள். வரவில்லை. பல்லால் கடித்து இழுத்தாள். அப்போதும் வரவில்லை.

பல் என்றதும் நினைவு வந்தது.

பல் டாக்டரின் ஆஸ்பத்திரியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். தராசு அக்கா பாட்டிலை மடியில் வைத்துக்கொண்டு வரிசையில் உட்கார்ந்தாள். முறை வந்ததும் உள்ளே போய்ச் சாய்வு நாற்காலியில் பாட்டிலைப் படுக்கவைத்தாள்.

"எனக்கில்லம்மா. இதுக்கு. வாயைப் பாருங்க."

பல் டாக்டர் விளக்கை இழுத்து, கண்ணாடிக் குச்சியை எடுத்தாள். தட்டிப் பார்த்தாள், நெம்பிப் பார்த்தாள். "வாய் சின்னது, உள்ளே அகலம். இப்படிக் குழி அமைஞ்சா அடைச்சது லேசுல வெளிய வராது. மண்ணு சுருங்குச்சு, அதனாலதான் விழுந்தது. இது என்னக்கா, சுருங்கவே இல்லையே?"

"செருப்பு."

"செருப்பா!" பல் டாக்டர் சிரித்த சிரிப்பில் வெளியே கன்னம் வீங்கியிருந்தவர்கள் பயந்துபோனார்கள். "பிடிக்கும்க்கா. நல்லாப் பிடிக்கும். சாரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க."

தராசு அக்கா நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். "சொல்றதுல ஒரு சிக்கல் இருக்கு. மூடியைக் கழட்டி வித்தது நான்தான்."

"அது எங்களுக்கு அன்னிக்கே தெரியும்க்கா."

"எல்லாருக்குமா?"

"சாருக்கும் தாடிக்கும் தெரியாது. மத்த எல்லாருக்கும் தெரியும்."

"அப்ப நீங்களே அவர்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்களேன்."

"நான் பல்லைத்தான் பிடுங்குவேன்" என்றாள் பல் டாக்டர், அடுத்த ஆளைக் கூப்பிட மணியைத் தட்டிக்கொண்டே. "இதை நீங்களேதான் பிடுங்கிக்கணும். கொஞ்சம் வலிக்கும், அவ்வளவுதான்."

*

சனிக்கிழமை காலை தம்பி ஒரு சின்ன லாரியோடு கடை வாசலுக்கு வந்துவிட்டான். "ஏறுக்கா, சாமானை ஏத்தலாம்" என்றான்.

"வண்டி வந்ததும் நல்லதாப் போச்சு" என்றாள் தராசு அக்கா. பன்னிரண்டு கோணி செருப்பும் ஏறியது. பின்மூலையில் போர்த்திக் கிடந்த சாமானை நாலு பேர் பிடித்து ஏற்றினார்கள். தம்பி மூக்கைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தச் செருப்பெல்லாம் என் வீட்டுக்கா?"

"வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடச் சொல்லு. மிச்சத்தை வழியில சொல்றேன்."

அங்கே மீட்டர் கடப்பாரையோடு பாட்டில் சுவரின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். தாடியும் கொத்தனாரும் மற்றவர்களும் சுற்றி இருந்தார்கள். எங்கிருந்து பிரிப்பது என்று பேச்சு. மேற்கே மேகம் தாழ்ந்து கிடந்தது. வண்டியிலிருந்து தராசு அக்கா குதித்து இறங்கிய வேகத்தைப் பார்த்துக் கொத்தனார் ஒதுங்கி வழிவிட்டார்.

"கடப்பாரையைக் கீழ வைங்க."

"ஏம்மா, இன்னும் என்ன?"

"இந்த வகை பாட்டில் மூடி இல்லாமத்தான் வரும்னு சொன்னேன்ல. அது பொய்."

மீட்டர் விழித்தார்.

"மூடியோடதான் வந்தது. நான் கழட்டிட்டேன். மூணு கோணி. அலுமினியக்காரர்கிட்ட போட்டுட்டேன். இந்தத் தாடித் தம்பி மேல ஒரு தப்பும் இல்லை, மண்ணு மேலயும் தப்பு இல்லை. போதுமா?"

தாடி வாய் பிளந்து நின்றான். ஒரு வாரமாக அவன் சரியாகச் சாப்பிடவில்லை.

மீட்டருக்குக் கோபம் வந்தது. முப்பது வருஷக் குடித்தனத்தில் நாலைந்து முறைதான் வந்திருக்கும். "ஏண்டி, மூடியில என்ன கிடைச்சிடும்? வாய்விட்டு வேண்டாம்னு சொல்லியிருந்தா நான் இந்த வீட்டை ஆரம்பிச்சே இருக்கமாட்டேனே. இப்படியா கெடுக்கறது?"

"கெடுக்கவா?" அவள் குரல் ஏறியது. "கெடுக்கவாங்க கழட்டினேன்? தம்பி, அந்தக் கோணியை எடுடா!"

தம்பி வண்டியில் ஏறிக் கோணியை உருவினான். உள்ளே பளபளவென்று இரட்டைத் தொட்டி எவர்சில்வர் சிங்க், பாத்திரம் வடிய வைக்கும் மேடையோடு. மூடிவிட்ட ஓட்டல் ஒன்றின் சமையலறையிலிருந்து வந்தது. ஒரு கீறல் கிடையாது.

"மண்ணுத் தொட்டியில பாத்திரம் கழுவலாம்னு படத்துல போட்டிருந்தாரு உங்க தாடி. இவரு கழுவுவாரா பாத்திரத்தை? நான்தானே கழுவணும்! மூடியைக் கொடுத்துட்டு இதை மாத்திக்கிட்டேன். ரெண்டு நாள் பேரம் பேசினேன் அந்த மனுஷன்கிட்ட. கடைசியில தண்ணிக்குழாயும் சேத்துக் கொடுத்தான்."

மீட்டர் சிங்க்கைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். மறுபடி சிங்க்கைப் பார்த்தார். மீட்டரில் எண் தெளிவாகத் தெரியாதபோது கிட்டே போய்ப் பார்ப்பதுபோல் அவள் முகத்துக்குக் கிட்டே வந்தார்.

"மூடியைக் கழட்டினது சுவரு கட்டறதுக்கு முன்னாடி."

"ஆமா."

"நீ பாயைப் போட்டுப் படுக்கறதுக்கு ரெண்டு மாசம் முன்னாடி."

"ஆமா. அதுக்கென்ன இப்ப?"

"அப்பவே இங்க குடிவர்றதா முடிவு பண்ணிட்டியா? அப்புறம் எதுக்குடி அந்தத் தூக்கச் சோதனை?"

தராசு அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டாள். "பிடிச்சிருக்குன்னு முதல்லயே சொல்லிட்டா அப்புறம் என்ன பேரம்?"

கொத்தனார்தான் முதலில் சிரித்தார். பல் டாக்டர் சேர்ந்துகொண்டாள். மீட்டர் கடப்பாரையைச் சுவரில் சாத்திவிட்டு, சிரிக்கவா அழவா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியையே இன்னொரு தடவை துடைத்தார்.

"சரி, வாயடைக்க வாங்க" என்றாள் அவள். "மழை வருது."

குழாய்த் துண்டு ஆறு தயாராக இருந்தது. மூன்று பேர் செருப்பில் வில்லை போட, மூன்று பேர் தட்டி ஏற்ற, பல் டாக்டர் ஒவ்வொன்றையும் நெம்பிப் பார்த்து, "இது ஆச்சு, அடுத்தது" என்று நகர்ந்தாள். தம்பியின் சட்டை முழுக்க ரப்பர்த் தூள்.

"அக்கா, வீட்டுச் சுவத்துல செருப்பு வெப்பாங்களா? பாக்கறவங்க என்ன சொல்வாங்க?"

"வர்றவங்க வாசல்ல கழட்டிப் போடுவாங்க. நாங்க சுவத்துல கழட்டிப் போட்டிருக்கோம். நீ கையை நிறுத்தாதே."

அவன் நிறுத்தவில்லை. மதியம் வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு கஞ்சியை நின்றபடியே குடித்தார்கள். நீலம், சிவப்பு, தேய்ந்த வெள்ளை என்று வெளிச்சுவரில் பொட்டுப்பொட்டாக நிரம்பியது. கடைசிப் பத்து வாய்க்கு வில்லை பத்தவில்லை. தேய்ந்து மெலிந்ததையெல்லாம் கழித்ததில் பன்னிரண்டு கோணியும் தீர்ந்திருந்தது. தராசு அக்கா தன் காலிலிருந்த ஜோடியைக் கழற்றி நீட்டினாள். கொத்தனார் தயங்கினார்.

"போடுய்யா. நான் எங்க போகப்போறேன்?"

நாலு மணிக்குக் காற்று வந்தது. போன வாரத்தைவிடப் பலமாக வந்தது. எல்லோரும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மூச்சைப் பிடித்து நின்றார்கள். தகடு தடதடத்தது, நாய் ஒன்று எதிர்பார்ப்போடு தலையைத் தூக்கியது. சுவர் வாயைத் திறக்கவில்லை. பிறகு மழை கூரையில் விழுந்து, தகரக் குழாய் வழியாகத் தொட்டிக்குள் டங்கு டங்கு என்று இறங்கத் தொடங்கியது. தாடி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே கஞ்சிப் பானையைத் தேடிப் போனான்.

தம்பி கிளம்பும்போது அவன் கையில் தராசு அக்கா சாவியைத் திணித்தாள். "பின்னறையை வாடகைக்கு விட்டுடு. சும்மா கிடக்கக்கூடாது."

மழை நாலு நாள் விடாமல் பெய்தது. சோலார் பலகைகள் வெயிலைக் காணாமல் கிடந்தன. பேட்டரிக்குள் இருந்ததை வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நாலாம் நாள் சாயங்காலம், மீட்டர் பச்சை வட்டங்கள் மங்கிய சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்து, ஜன்ம சாபல்யம் அடைந்தவர்போல் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சிங்க்கில் பாத்திரம் கழுவிக்கொண்டே தராசு அக்கா குரல் கொடுத்தாள்.

"என்னங்க, உள்ளே ஆளில்லாத ரூம்ல விளக்கு எதுக்கு எரியுது? தொட்டியில தண்ணி காலையில எத்தனை ரிங்கு இருந்தது, இப்ப எத்தனை இருக்கு, பாத்துச் சொல்லுங்க."

மீட்டர் எழுந்துபோய் விளக்கை அணைத்தார். மழையில் நனைந்துகொண்டே தொட்டியை எட்டிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மீட்டரே இல்லாத வீடு கட்டினேன்னு நெனச்சேன்."

"இல்லைன்னு யாரு சொன்னா?" என்றாள் அவள். "எத்தனை ரிங்கு? அதைச் சொல்லுங்க."